வீட்டுத்தோட்டம் கேள்வி–பதில்: பேரப்பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

தோட்டம் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், பிள்ளைகள்தான் கிட்ட வருவதில்லை. இம்முறை வந்த கடிதங்கள் பலவற்றில் இதே குறை. மண், விதை, நோய் பற்றிய கேள்விகளும் கடைசியில் அதைத்தான் தொடுகின்றன என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்திருக்கிறோம்.

ஏழு வயதுப் பேரனுக்குத் தோட்டத்தில் ஆசை வரட்டும் என்று பல்கனியில் தக்காளியும் மாங்கொட்டையும் நட்டுக் கொடுத்தேன். தக்காளி பூத்துக் கொட்டிவிட்டது. மாங்கன்று நான்கு இலையோடு நிற்கிறது. இப்போது அவன் அந்தப் பக்கமே போவதில்லை. – ஓர் அம்மம்மா, வெள்ளவத்தை

பேரனைக் குறை சொல்ல வேண்டாம். பயிர்தான் பிழை. கொட்டையில் முளைத்த மா காய்க்க ஐந்தாறு வருடமாவது ஆகும், அதுவும் நிலத்தில் நின்றால். அதற்குள் அவன் புலமைப்பரிசில் பரீட்சையே எழுதி முடித்துவிடுவான். தக்காளிப் பூ பிஞ்சாவதற்கு இரவு குளிர்ந்திருக்க வேண்டும். கொழும்பில் வருடத்தின் பெரும்பகுதி இரவு வெப்பநிலை 24 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதில்லை. மகரந்தம் கெட்டு, பூ காம்போடு உதிர்ந்துவிடும். நீங்கள் எவ்வளவு பசளை போட்டாலும் இது மாறாது. தக்காளிதான் வேண்டும் என்றால் சிறு பழ வகை ஓரளவு கைகொடுக்கும். ஆனால் முதற்பயிருக்கு அதுவும் வேண்டாம்.

ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வரும் பயிரில் தொடங்குங்கள். முளைக்கீரையை விடச் சுலபமானது இல்லை. 15 சென்ரிமீற்றர் ஆழமுள்ள எந்தப் பெட்டியும் போதும். அடியில் பென்சில் பருமனில் ஏழெட்டுத் துளை. மண், கூட்டெரு, கழுவிய தும்புத்தூள் மூன்றும் சம அளவு. விதை மிகச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவியும். ஒரு தேக்கரண்டி விதைக்குப் பத்துத் தேக்கரண்டி உலர்ந்த மணல் கலந்து தூவச் சொல்லுங்கள். மேலே அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் மண் போடக்கூடாது. இந்தக் கட்டத்தில் பலரையும் ஏமாற்றுவது எறும்பு. விதைத்த இரவே தூக்கிக்கொண்டு போய்விடும். 'விதை முளைக்கவில்லை' என்று நாம் கடைக்காரரைத் திட்டுவோம். பெட்டியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசிமா தூவிவிட்டால் எறும்பு அதை எடுத்துப் போகும். விதை தப்பும். மூன்று நான்கு நாளில் முளை தெரியும். நெருக்கமாக இருந்தால் பத்தாம் நாளில் கலைத்துவிடுங்கள், பிடுங்கிய குருத்தும் கறிக்கு ஆகும். கலைக்காமல் தண்ணீரும் மிஞ்சினால் தண்டு அடியில் கறுத்து அழுகிச் சாயும். இருபத்தைந்து முப்பது நாளில் அறுவடை.

அடுத்தது வெண்டி. விதையை இரவு முழுக்க ஊறவைத்து, 10 முதல் 15 லீற்றர் வாளியில் இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்தில் இரண்டு விதை. வளர்ந்ததும் நல்லதை விட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் இரண்டின் வேரும் ஆடும். ஏறத்தாழ 45 முதல் 50 நாளில் முதற்காய். பூ வாடிய அன்றிலிருந்து பேரனிடம் ஓர் அடிமட்டத்தைக் கொடுத்துத் தினமும் காலையில் காயை அளக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு நாளில் அது பத்துச் சென்ரிமீற்றரை எட்டும். நேற்றுக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் அடிமட்டத்தில் கண்ணுக்கு முன்னால் தெரியும் பயிர்கள் அதிகமில்லை. இரண்டு நாள் தாமதித்தால் காய் நாராகிவிடும். அந்தக் கணக்கையும் அவனே பார்த்துப் படிப்பான்.

முக்கியமானது இனித்தான். அவனுடைய வாளி அவனுடையதாகவே இருக்கட்டும். எதை விதைப்பது, எப்போது பறிப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதை அவன் முடிவு செய்யட்டும். அவன் மறந்த நாளில் நீங்கள் இரகசியமாகத் தண்ணீர் ஊற்றினால் அது உங்கள் செடியாகிவிடும். வாடிச் செத்தால் சாகட்டும். அதே கிழமையில் மறுபடி விதைக்கக் கீரை விதை கையில் இருந்தால் போதும். களை பிடுங்குவது, பல்கனி கூட்டுவது போன்ற வேலைகளைத் தோட்டம் என்ற பெயரில் பிள்ளை தலையில் கட்டாதீர்கள். பூவாளி வேண்டாம், நிரம்பினால் பத்துக் கிலோ. மூடியில் ஆணியால் துளையிட்ட ஒரு லீற்றர் போத்தல் அவன் கைக்குச் சரி. அறுத்த கீரை அன்றைக்கே சமையலாக வேண்டும். அது ஒரு பிடிதான் என்றாலும் பருப்போடு சேர்த்து, 'இது தம்பியின் கீரை' என்று சொல்லியே பரிமாறுங்கள்.

மேல்தளத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து ஐம்பது அறுபது வாளி வைக்க யோசிக்கிறோம். சிலாப் தாங்குமா? – வாசகர், கொட்டாஞ்சேனை

நனைந்த தோட்டமண் ஒரு லீற்றர் 1.6 கிலோவுக்குக் குறையாது. 20 லீற்றர் பெயின்ற் வாளி ஒன்று 32 கிலோவைத் தாண்டும். வீட்டுச் சிலாப்புகளைப் பொறியியலாளர்கள் வழமையாகச் சதுர மீற்றருக்கு 150 கிலோ அளவு பாரத்துக்குத்தான் கணக்கிடுவார்கள். ஒரு சதுர மீற்றரில் வாளிகளை நெருக்கி அடுக்கினால் ஒன்பது கொள்ளும். 300 கிலோ! ஆகவே சதுர மீற்றருக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். அதையும் நடுவில் வைக்காமல் சுவருக்கும் பீமுக்கும் மேலாக ஓரத்தில் வரிசையாக வையுங்கள். தண்ணீர்த் தாங்கி நிற்கும் பகுதியில் ஒன்றும் வேண்டாம். ஆயிரம் லீற்றர் தண்ணீரே ஒரு தொன். பழைய கட்டடம் என்றால், அல்லது சிலாப்பின் அடியில் கம்பி துருப்பிடித்துச் சீமெந்து உதிர்ந்திருந்தால், ஒரு பொறியியலாளர் பார்க்காமல் ஒரு வாளிகூட ஏற்றாதீர்கள்.

பாரத்தைக் குறைக்க ஒரு பங்கு மண், ஒரு பங்கு கூட்டெரு, இரண்டு பங்கு தும்புத்தூள் என்று கலக்கலாம். தும்புத்தூளில் உப்பு இருக்கும். கழுவாமல் போட்டால் நாற்றின் இலை நுனி கருகும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரை மாற்றி மூன்று தடவை செய்யுங்கள். ஐந்து கிலோக் கட்டி ஒன்று ஊறினால் ஏறத்தாழ 70 லீற்றர் வரும். இந்தக் கலவையில் சத்துக் குறைவு, மழையில் கழுவுப்பட்டும் போகும். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை வாளிக்கு இரண்டு கைப்பிடி கூட்டெரு போடாவிட்டால் செடி மஞ்சளித்து நின்றுவிடும்.

மிளகாய்க்கு 10 லீற்றர், கத்தரிக்கு 15 முதல் 20, கறிவேப்பிலைக்கு 20க்கு மேல், தேசிக்கு 40க்கு மேல். காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணிநேர வெயில் வேண்டும். கீரைக்கு நான்கு போதும். வாளிகளைத் தரையில் நேரே வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். சிலாப் காயும், நுளம்பும் தங்காது. கடற்கரை பக்கம் என்றால் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்று உப்பைக் கொண்டுவரும். பயற்றை அதற்குத் தாங்காது. அந்த மாதங்களில் அதைக் காற்றுக்கு மறைவான பக்கம் மாற்றி, மாலையில் இலைகளைக் குழாய்த் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த கத்தரி விதையையும் பயற்றை விதையையும் வருடாவருடம் எடுத்து வைக்கிறோம். பயற்றை அப்படியே வருகிறது. கத்தரி மூன்றாம் வருடம் நிறமும் வடிவமும் மாறிவிட்டது. மிளகாய் விதை முளைக்கவேயில்லை. பிள்ளைகளுக்கு இந்த விதையைக் கொடுக்க முடியாமற் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. – வாசகி, தெஹிவளை

கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வொரு முறை.

பயற்றைப் பூ விரியும் முன்னரே தன்னைத்தானே கருக்கட்டிக்கொள்ளும். பக்கத்தில் வேறு இனம் நின்றாலும் பெரும்பாலும் கலக்காது. தக்காளியும் அப்படியே. கத்தரி, மிளகாய், வெண்டி மூன்றிலும் தேனீ புகுந்து ஒரு பகுதியைக் கலந்துவிடும். நீங்கள் அம்மாவின் கத்தரிக்குப் பக்கத்தில் கடையில் வாங்கிய நாற்று ஏதாவது வைத்திருந்திருப்பீர்கள், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருப்பார். இன்னொரு காரணமும் உண்டு. கடைப் பையில் 'எஃப் 1' என்று அச்சிட்டிருந்தால் அது கலப்பின விதை. அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல வராது, வருடத்துக்கு வருடம் சிதறும். பரம்பரையாக வைத்திருக்க வேண்டுமானால் கலப்பினமல்லாத இனங்களையே தேடுங்கள். விவசாயத் திணைக்கள விற்பனை நிலையங்களில் 'எம்.ஐ. 5', 'ஹரித' வெண்டி, 'எம்.ஐ. 2' மிளகாய் போன்றவை கிடைக்கும். சந்தேகம் இருந்தால் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

கத்தரியைக் காப்பாற்றுவது கடினமில்லை. விரியாத மொட்டுக்கு மெல்லிய துணிப்பை கட்டுங்கள். பூ விரிந்ததும் காலையில் பைக்கு வெளியிலிருந்தே காம்பை விரலால் சுண்டினால் மகரந்தம் உள்ளேயே கொட்டும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். நூல் கட்டுவது எதற்கென்றால், வீட்டில் ஒருவர் அதைப் பறித்துக் குழம்பில் போடாமல் இருப்பதற்கு. விதைக்காய் போவது பெரும்பாலும் அப்படித்தான். பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மறுநாள் விரியப்போகும் இரண்டையும் முதல்நாள் மாலையில் நூலால் கட்டி மூடி, காலையில் அவிழ்த்து ஆண்பூவைப் பெண்பூவில் தடவி, பெண்பூவை மறுபடி மூடிவிட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதை ஒருமுறை காட்டினால் போதும்.

எந்தக் காயை விதைக்கு விடுகிறோம் என்பதில்தான் பல வீடுகள் தடுமாறுகின்றன. முதல் காய்களையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, செடி ஓய்ந்த பிறகு கடைசியில் தொங்கும் சூம்பல் காயை விதைக்கு விடுவார்கள். நான்கைந்து வருடத்தில் இனமே நலிந்துபோகும். நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடியில் இரண்டாவது மூன்றாவது காயை விடுங்கள். முடிந்தால் ஒரே செடியில் எடுக்காமல் ஐந்தாறு செடியிலிருந்து சேருங்கள். பல்கனியில் அத்தனை செடி இல்லையென்றால் தங்கை வீடு, பெரியம்மா வீடு என்று அதே விதையை நாலு இடத்தில் போட்டு, எடுத்த விதையைக் கலந்து பங்கிடலாம். ஒரு வீட்டில் அழிந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

கத்தரிக்காய் செடியிலேயே மஞ்சளித்துப் பழுக்க வேண்டும். பறித்து ஒரு கிழமை வைத்து, வெட்டிப் பிசைந்து தண்ணீரில் போட்டால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதை ஊற்றிவிடுங்கள். தக்காளி விதையைச் சாற்றோடு ஒரு கோப்பையில் இரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவ வேண்டும். கொழும்பு வெக்கைக்கு அதற்கு மேல் விட்டால் கோப்பையிலேயே முளைத்துவிடும். மிளகாய் முழுக்கச் சிவந்த பிறகு. வெண்டிக்காயும் பயற்றையும் செடியிலேயே காய வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் வெட்டி வீட்டுக்குள் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் காய்க்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும்.

மிளகாய் முளைக்காததற்கு வருவோம். கொழும்புக் காற்றின் ஈரத்தில் வெறும் கடதாசிப் பையில் வைத்த விதை ஒரு மழைக்காலம்கூடத் தாங்குவது கடினம். முதலில் நிழலில், காற்றோட்டமான இடத்தில் பீங்கான் தட்டில் பரப்பி உலர்த்துங்கள். கடதாசியில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். மத்தியான வெயிலில் தகரத்தில் போட்டால் வெந்துவிடும். கத்தரி, மிளகாய் விதையை மடித்தால் வளையாமல் ஒடிய வேண்டும். பயற்றை விதையைக் கடித்தால் பல் பதியக்கூடாது. அதன் பிறகு ஒரு சுண்டு பச்சரிசியை வெறும் சட்டியில் பத்து நிமிடம் வறுத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவிடுங்கள். ஜாம் போத்தலில் பாதிக்கு அந்த அரிசி, அதன் மேல் சிறு துணிப்பையில் விதை, இறுக மூடி இரண்டு கிழமை. அரிசி மிச்ச ஈரத்தை இழுத்துவிடும். பிறகு விதையை எடுத்துச் சிறு போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெப்பநிலை ஐந்து பாகை குறைய விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதைக்காரர் கணக்கு. வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். போத்தல் அறை வெப்பத்துக்கு வரும்வரை விடாவிட்டால் உள்ளே வியர்த்து, பட்ட பாடெல்லாம் வீண். பயற்றையில் வண்டு விழுந்தால், நன்றாக உலர்ந்த விதையை நான்கு நாள் உறைபெட்டியில் வைத்தால் முட்டையோடு சாகும். உலராத விதையை அங்கே வைத்தால் விதையும் சாகும்.

இப்படி வைத்தால் தக்காளியும் கத்தரியும் நான்கு வருடம், பயற்றை மூன்று, மிளகாயும் வெண்டியும் இரண்டு வருடம் தாராளமாக வரும். வெங்காய விதையை மட்டும் அடுத்த வருடத்துக்கு மேல் நம்ப வேண்டாம். விதைக்கும் முன் இருபது விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பதினாறு முளைத்தால் நல்லது. பத்துக்குக் கீழே போனால் அந்த வருடமே விதைத்துப் புதிதாக எடுத்துவிடுங்கள்.

போத்தலோடு ஒரு விதைக் கொப்பியும் இருக்கட்டும். பயிர், யாரிடமிருந்து வந்தது, எந்தச் செடியில் எடுத்தது, எத்தனை முளைத்தது, கறிக்கு எப்படி இருந்தது. அம்மா சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை என்று அம்மாவுக்குப் பார்த்ததும் தெரிகிற இலைகளில் ஒவ்வொன்றைக் கொப்பிக்குள் வைத்து அழுத்தி ஒட்டினால், பத்து வருடம் கழித்தும் பிள்ளைக்குச் சந்தையில் அடையாளம் தெரியும்.

மாமா ஊரில் பெரிய தோட்டக்காரர். இங்கேயும் எல்லாச் செடிக்கும் சாம்பல் போடச் சொல்கிறார், புரட்டாதியில் விதைக்கச் சொல்கிறார். செய்தால் சரிவரவில்லை. எதிர்த்துப் பேசவும் முடியவில்லை. – மருமகள் ஒருவர், வத்தளை

மாமா சொல்வது பிழையில்லை, அவர் சொல்வது வேறு மண்ணுக்கு. யாழ்ப்பாணச் செம்மண் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிறது, கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு. மழை ஐப்பசி முதல் மார்கழி வரை ஒரே பருவம், மிச்சத்துக்கு இறைப்பு. கொழும்புப் பக்கம் கபுக்கல் மண், புளிப்பானது. வருடத்துக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை, அதுவும் இரண்டு பருவமாக. யாழ்ப்பாணத்துக்கு அதில் பாதிதான்.

சாம்பல் இங்கே உண்மையில் நல்லது, ஏனென்றால் புளிப்பைக் குறைக்கும். அளவுதான் முக்கியம். 20 லீற்றர் வாளிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிறு கைப்பிடி. கிழமைக்கு ஒருமுறை போட்டால் தொட்டி மண் எதிர்ப்பக்கம் சாய்ந்து, இளம் இலை நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் தெரியும். இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமற் போனதன் அடையாளம் அது. பச்சை மாட்டெருவோடும் யூரியாவோடும் சாம்பலைக் கலக்கக்கூடாது, தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும்.

புரட்டாதி விதைப்பு ஊருக்குச் சரி. இங்கே அந்த நாற்று ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாட்டும். கத்தரி, மிளகாயைக் கார்த்திகைக் கடைசியில் கூரைக்குக் கீழே நாற்றுப்போட்டு மார்கழிக் கடைசியில் நட்டால் தை, மாசி வெயிலில் வளர்ந்து காய்க்கும். இன்னொரு முறை ஆனியில் நாற்று, ஆடியில் நடவு.

மாமாவிடம் விட வேண்டிய வேலைகளும் இருக்கின்றன. குழை தாழ்ப்பது ஊரில் அவர் கைபட்ட வேலை. அங்கே பூவரசும் வேம்பும் என்றால் இங்கே சீமைக்கிளுவை. வாழைக்குழியில் அடுக்கி மண்போட்டு மூடினால் ஆறு கிழமையில் மக்கிவிடும். பந்தல் கட்டுவது, நாற்றுப் பிடுங்கும் பதம், மண் ஈரத்தைக் கையில் பிடித்துப் பார்ப்பது, இவையெல்லாம் எந்த மண்ணிலும் செல்லும். காலநேரத்துக்கு மட்டும் சண்டை வேண்டாம். ஒரே விதையை இரண்டு வாளியில், ஒன்றை அவர் சொல்லும் நாளில், மற்றதை ஆறு கிழமை தள்ளி விதைத்து, பேத்தியைக் காய் எண்ணச் சொல்லுங்கள்.

மிளகாய் இலை சுருண்டுவிட்டது. கத்தரி பச்சையாக நின்றபடியே திடீரென வாடிச் செத்தது. இரண்டும் ஒரே நோயா? – வாசகர், பம்பலப்பிட்டி

இல்லை. சுருண்ட மிளகாய் இலையை உற்றுப் பாருங்கள். ஓரம் மேல்நோக்கி மடிந்திருந்தால் பனிப்பூச்சி. கீழ்நோக்கி மடிந்து காம்பு நீண்டிருந்தால் மைற்றா என்ற மிகச் சிறிய உண்ணி. வெள்ளைக் கடதாசிக்கு மேலே கொப்பைத் தட்டினால் பனிப்பூச்சி மெல்லிய மஞ்சள் கோடாக ஊர்வது தெரியும். மைற்றா வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பிள்ளைகளின் உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். பனிப்பூச்சிக்கு இடித்த வேப்பம்விதை 50 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடித்து, சில துளி சவர்க்காரக் கரைசல் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று தடவை. மைற்றாவுக்கு வேம்பு மட்டும் போதாது. நுனிக்குருத்தை வெட்டி எரித்துவிட்டு, நனையும் கந்தகத்தை உறையில் உள்ள அளவுப்படி அடிக்கலாம். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு கிழமைக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும். இலை சுருங்கி மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் வைரசு. செடியைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

கத்தரிக்கு ஒரு பரிசோதனை. அடித்தண்டில் விரல்நீளம் வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுகம் மட்டும் அமிழும்படி பிடியுங்கள், ஆட்டாதீர்கள். ஓரிரு நிமிடத்தில் வெட்டுமுகத்திலிருந்து பால்போல வெண்ணூல் ஒன்று கீழ்நோக்கி இறங்கினால் பக்டீரியா வாடல். அந்த நூல் முழுக்கப் பக்டீரியா. தண்டின் குழாய்களை அது அடைத்ததால்தான் மண்ணில் ஈரமிருந்தும் செடி வாடியது. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மருந்து கிடையாது. அந்த வாளி மண்ணில் இனிக் கத்தரி, மிளகாய், தக்காளி வேண்டாம். கீரை, வெண்டி, பயற்றை போடலாம். வெட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்த செடிக்குப் போகாதீர்கள். திரும்பத் திரும்ப வந்தால் சுண்டங்கத்தரி அடித்தண்டில் கத்தரியை ஒட்டிக் கட்டுவதுதான் நிலையான வழி.

கூட்டெரு வாளி நாறுகிறது. புழுவும் வந்துவிட்டது. – வாசகி, மட்டக்குளி

ஈரம் கூடிவிட்டது. ஒரு பங்கு சமையல் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு சருகு, கிழித்த அட்டைப்பெட்டி, பழைய தும்புத்தூள் வேண்டும். ஒவ்வொரு நாளும் கழிவு போட்டதும் அதை மூடுங்கள். கையில் பிழிந்தால் ஓரிரு துளிதான் வரலாம். தடித்த சாம்பல்நிறப் புழு என்றால் கறுப்புப் படைஈயின் புழு. பயப்பட ஒன்றுமில்லை, அது வேலையை விரைவாக்கும். எறும்பு வந்தால் மறுபக்கம், காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மீன் குடலைப் புதியவர்கள் போடவேண்டாம், காகமும் எலியும் முந்திக்கொள்ளும்.

டெங்கு என்று சொல்லி வீட்டுக்காரர் தொட்டிகளை எறியச் சொல்கிறார். – வாசகி, கிருலப்பனை

தொட்டியை எறிய வேண்டாம். அடித்தட்டை எறியுங்கள். நுளம்பு பெருகுவது மண்ணில் அல்ல, தட்டில் தேங்கும் தண்ணீரில். முட்டை முதல் நுளம்பு வரை நம் வெக்கைக்கு ஏழு முதல் பத்து நாள். ஆகவே கிழமைக்கு ஒருநாள், ஒரே நாளில், எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமனே ஊற்றினால் போதாது, விளிம்பில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் பிழைக்கும். மழைநீர்ப் பீப்பாய்க்கு நுளம்பு வலை. இதைப் பிள்ளைக்குச் சனிக்கிழமை வேலையாகக் கொடுக்கலாம். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி குடம்பி இருக்கும் வளவுக்காரர்மீது வழக்குப் போட முடியும் என்பதையும் வீட்டுக்காரர் பார்க்கும்படி இங்கே அச்சிடுகிறோம்.

பத்துப் பேர்ச் வளவு. 2022 பொருளாதார நெருக்கடியில் பட்ட பாட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் நாங்களே விளைவிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். முடியுமா? – ஒரு தகப்பன், கல்கிசை

எல்லாவற்றையும் முடியாது. பத்துப் பேர்ச் என்பது 253 சதுர மீற்றர். வீடு, வாசல், கார் நிற்கும் இடம் போக நூறு மிஞ்சினாலே அதிகம். நாளுக்கு ஒரு தேங்காய் உடைக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 365 வேண்டும். நன்றாகக் காய்க்கும் மரம் அறுபது தந்தால் ஆறு மரம், மரத்துக்கு மரம் எட்டு மீற்றர். வளவே தென்னந்தோட்டமாகிவிடும். அரிசியைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

ஆனால் கடைக்குப் போகாமல் விடக்கூடிய சாமான்கள் உண்டு. கறிவேப்பிலை, ரம்பை, பச்சைமிளகாய், தேசிக்காய், முருங்கையிலை, கீரை வகை. ஒரு சதுர மீற்றர் முளைக்கீரை ஓர் அறுப்புக்கு ஒரு கிலோவுக்குக் குறையாது. நான்கு பாத்தியைக் கிழமைக்கு ஒன்றாக விதைத்துக்கொண்டே போனால் வாரம் தவறாமல் கீரை. 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்று கிலோ பல ஆயிரம் ரூபாவுக்குப் போனது நினைவிருக்கும். 30 கிராம் கிழங்கை உரப்பையில் நட்டால் எட்டொன்பது மாதத்தில் அரைக்கிலோவுக்கு மேல் பச்சை மஞ்சள். உலர்த்தினால் ஐந்தில் ஒன்றுதான் தேறும் என்பதால் பத்துப் பை வைத்தால்தான் ஒரு வீட்டுக்கு ஆகும். முருங்கையை ஒரு மீற்றரில் வெட்டிக்கொண்டே இருங்கள், வளரவிட்டால் காற்றுக்கு முறியும். வாழை மூன்று குற்றி, ஒவ்வொன்றிலும் தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறைக் கன்றுக்கு மேல் விடாதீர்கள்.

பஞ்சத்துக்குக் கைகொடுப்பது மரவள்ளியும் ஈரப்பலாவும். பிள்ளைகள் காலத்துக்கு என்று பலா வைக்க ஆசைப்பட்டால் முதலில் இடத்தை யோசியுங்கள். வீட்டிலிருந்தும் மதிலிலிருந்தும் எட்டுப் பத்து மீற்றர் வேண்டும். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் பிறகு நினைத்தபடி வெட்ட முடியாது, சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும். ஒடுங்கிய வளவில் வைத்த பலா, பேரன் காலத்தில் பக்கத்து வீட்டோடு வழக்காக முடியும்.

நான் சாதாரண தரம் படிக்கிறேன். தோட்டத்தில் நின்றால் 'படிப்பைப் பார்' என்கிறார்கள். – மாணவன், கொட்டாஞ்சேனை

தம்பி, இது படிப்பும்தான். சாதாரண தரத்திலேயே விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் ஒரு பாடம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் விவசாய விஞ்ஞானத்தை எடுக்கலாம். பேராதனையிலும், கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழும், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் விவசாய பீடம் இருக்கிறது. பரீட்சை முடியும்வரை நாளுக்கு இருபது நிமிடம், ஐந்து வாளிக்கு மேல் வேண்டாம். ரியூசன் நாளில் வாடாத பொன்னாங்காணி, பசளி போன்றவற்றை வை.

அப்பம்மா வீட்டை விற்கிறோம். கறிவேப்பிலை மரத்தைத் தொடர்மாடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மகள் அழுகிறாள். – வாசகர், நாரஹேன்பிட்டி

மரத்தைக் கொண்டுபோக முடியாது, கன்றைக் கொண்டுபோகலாம். பெரிய மரத்தைச் சுற்றி வேரிலிருந்து முளைத்த சிறு கன்றுகள் இருக்கும். முழங்கை உயரமுள்ள இரண்டு மூன்றைத் தேர்ந்து, தாய்மரத்தின் பக்கமாகப் பதினைந்து சென்ரிமீற்றர் தள்ளி மண்வெட்டியால் நேரே இறக்கி வேரை மட்டும் அறுத்துவிடுங்கள். பிடுங்க வேண்டாம். நான்கு கிழமை அங்கேயே தண்ணீர் ஊற்றினால் கன்று தன் வேரை விடும். வேரை அறுத்த அன்றே பிடுங்கிக்கொண்டு ஓடுவதால்தான் பெரும்பாலானவை பட்டுப்போகின்றன. பிறகு மண்கட்டியோடு தோண்டி, இலையில் பாதியைக் கிள்ளிவிட்டு, பத்து லீற்றர் வாளியில் நட்டு இரண்டு கிழமை நிழலில் வையுங்கள். கறுத்துப் பழுத்த பழம் கிடைத்தால் அதையும் பொறுக்குங்கள். சதையைக் கழுவி அன்றைக்கே விதைக்க வேண்டும். உலர்த்தி வைத்தால் முளைக்காது. வீட்டுச் சாவி கொடுக்கும் தேதிக்கு ஆறு கிழமையாவது முன்னதாகத் தொடங்குங்கள். வாங்குபவரிடமும் ஒரு சொல் சொல்லிவையுங்கள், கன்று பிழைத்தது தெரியும்வரை மரத்தில் கத்தி வைக்க வேண்டாம் என்று.